ஆறாயிரத்து நானூறு காலிப் பாட்டில்கள்

மஞ்சமூடிக்காரர் ஊருக்குக் கடன்பட்டிருந்தார். ஒரு காலிப் பாட்டிலுக்கு ஒரு பெரிய காசு வீதம் ஆறாயிரத்து நானூறு பாட்டிலுக்கு ஆறாயிரத்து நானூறு காசு. அன்றைக்கு ஒரு பெரிய காசை நீட்டினால் இரண்டு டீ வரும். பதினொரு வருஷமாக வளர்ந்த கடன் அது. தொண்ணூறு கடைகளும் முந்நூறு வீடுகளும் அவருக்குக் கொடுத்து வைத்திருந்தன. வேடிக்கை என்னவென்றால், கொடுத்தவர்களுக்கும் அது கடன் என்று தோன்றவில்லை, வாங்கியவருக்கும் தோன்றவில்லை. அவர்பாட்டுக்கு மீசையை நீவிக்கொண்டு, "ஒருத்தன்கிட்ட கை நீட்டினதில்ல நான். பேங்க் வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்குன்னுகூட எனக்குத் தெரியாது" என்று போன இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லிக்கொள்ளட்டும். அதற்கான யோக்கியதை அவருக்கு இருந்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவியது. அதன் பிறகு அவர் பதினான்கு வருஷம் பாட்டில் கழுவினார். ஒரு கலர் கம்பெனியில் வேலை. இன்றைக்குக் கூல் டிரிங்க்ஸ் என்கிறார்கள். அன்றைக்குக் கலர் என்றால்தான் கடைக்காரருக்குப் புரியும். சுடுதண்ணீரில் சோடா உப்பைக் கரைத்து, அதற்குள் கையை விட்டு, நீளப் பிரஷ்ஷால் பாட்டிலின் வயிற்றைத் தேய்க்க வேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தூசு தும்பு இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் கழுவிய பாட்டிலில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். இது மிகையில்லை. மூடி அடிக்கும் ஆள் ஒருவர் செய்தே காட்டினார்.

முதலாளி போய்ச் சேர்ந்ததும், பிள்ளைகளுக்குள் ஒத்துவராமல் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். இவருக்கு ஆறு மாதச் சம்பளம் பாக்கி. "காசு இல்லப்பா. கண்ணுல படுறதை எடுத்துக்கிட்டுப் போ" என்றான் மூத்த பிள்ளை. மற்றவர்கள் மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவர் கையால் சுற்றும் பழைய கலர் நிரப்பும் மெஷினையும், மூடி அடிக்கும் கட்டையையும், மூலையில் கிடந்த இரண்டு மூட்டை மூடியையும் எடுத்தார். மூடியெல்லாம் மஞ்சள். அச்சுக்குப் போகாமல் ஒதுக்கிய சரக்கு, எழுத்து ஒன்றும் கிடையாது.

வண்டியில் இறங்கிய சாமானைப் பார்த்து அவர் வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் மேஜை நாற்காலி கொண்டு வந்தாங்களாம். நீங்க மூடியைக் கொண்டு வந்திருக்கீங்க. எதை மூடப் போறீங்க?"

"ஊரு வாயை."

"முதல்ல உங்க வாயை மூடிப் பாருங்க, மூடி சரியா இருக்கான்னு தெரியும்."

அப்படித்தான் மஞ்சமூடி பிறந்தது. கம்பெனிக்கு வேறு பேர் வைக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கே நேரம் பிடிக்கும். குடிக்கிறவர்களிலும் பாதிப் பேர் அதே வகுப்பில் படித்தவர்கள்தான். மஞ்சள் மூடி என்றால் யாருக்கும் தெரியும். பின்னாளில் படித்தவர்கள் வந்து இதற்கு பிராண்டு, விளம்பர உத்தி என்று என்னென்னவோ பேர் சொன்னார்கள். அவர் அதைச் செய்தபோது அதற்குப் பேர் கைக்காசு மிச்சம்.

சரக்கு நல்ல சரக்கு. அதை அவர் செய்தார் என்று அவரே சொல்லமாட்டார், வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருக்கும்போது. பாகு காய்ச்சுவது அந்த அம்மா. சர்க்கரை கொதித்து வரும் நேரத்தில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு, ஆறிய பிறகு ஆரஞ்சு எசன்ஸ், கரண்டியைத் தூக்கினால் பாகு எப்படி விழ வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்த அம்மா நாக்கால் செய்தார், இவர் வாயால் விற்றார். பின்கட்டில் ஓர் அறை, தண்ணீருக்கு ஒரு தொட்டி, கலரில் நுரை ஏற்றக் கேஸ் சிலிண்டர் ஒன்று, பாட்டில் வெடித்தால் கண்ணில் தெறிக்காமல் இருக்க மெஷின் முன்னால் ஒரு கம்பி வலை. கணக்கு எழுத அந்த அம்மாவின் தம்பி. பத்தாவது வரை படித்தவன், காதில் பேனா இல்லாமல் தெருவில் இறங்கமாட்டான்.

விற்ற விதத்தைத்தான் சொல்ல வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, மஞ்சமூடி இல்லாத கடையாகப் பார்த்து இவர் போவார். "மஞ்சமூடி ஒண்ணு குடுங்க" என்பார். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று கடைக்காரர் முழிப்பார். "என்னங்க, ஊரே குடிக்குது, உங்க கடையில இல்லையா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிடுவார். அரை மணி கழித்து மைத்துனன் போவான். அடுத்தாற்போல் வீட்டுக்காரம்மா கூடையோடு போவார். மறுநாள் காலையில் மூன்று சக்கர சைக்கிள் அந்தக் கடை வாசலில் மணி அடித்துக்கொண்டு நிற்கும். முப்பது கடைகளை இப்படிப் பிடித்தார்.

ஒரே ஒரு கடையில் மட்டும் பருப்பு வேகவில்லை. முக்குத்தெருவில் ஒரு பெட்டிக்கடை. அதை நடத்தின அக்கா ஒற்றை ஆள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். இவர் வழக்கமான வசனத்தைச் சொன்னார். அக்கா பதில் சொல்லாமல் இவர் கையையே பார்த்தார். சோடா உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது.

"பாட்டில் கழுவுற கையை வெச்சுக்கிட்டு யார்கிட்ட தம்பி நாடகம் போடுறீங்க?"

இவருக்குக் காது வரை சிவந்துபோயிற்று. "இல்லக்கா, வந்து..."

"என்ன வந்து போயி? விக்கணும்னா நேரா கேக்கணும். கேட்டா தரமாட்டேன்னா சொல்லப் போறேன்? ரெண்டு பெட்டி எறக்குங்க."

ஒரு பெட்டிக்கு இருபத்துநான்கு பாட்டில். நாற்பத்தெட்டு பாட்டிலுக்கு டெபாசிட் நாற்பத்தெட்டு காசு. அக்கா தகர டப்பாவைக் கவிழ்த்து, முழுவதையும் சில்லறையாகவே எண்ணிக் கொடுத்தார். மைத்துனன் ரோஸ் கலர் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான். மஞ்சமூடியைக் கடையின் முன்வரிசையில் வைத்த முதல் ஆள் அந்த அக்காதான். வருகிறவர்களிடம், "இதைக் குடிச்சுப் பாரு, நல்லா இல்லேன்னா காசை அந்த மீசைக்காரன்கிட்ட வாங்கிக்கோ" என்று விற்றுக் கொடுத்தார்.

அந்த டெபாசிட் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட வேண்டும். கலர் வியாபாரத்தில் குடிக்கிற சரக்கு கடைக்காரருக்கு, பாட்டில் கம்பெனிக்கு. பாட்டில் போன இடத்திலேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு பாட்டிலுக்கு ஒரு காசு முன்னாலேயே பிடித்துக்கொள்வது வழக்கம். காலி பாட்டில் திரும்பினால் அந்தக் காசும் திரும்ப வேண்டும். இவரோ பாட்டிலைப் பழைய சாமான் கடையில் கால் காசுக்கு வாங்கினார். கழுவி, நிரப்பி, கடையில் இறக்கும்போது ஒரு காசு டெபாசிட் வந்தது. முக்கால் காசு கையில் நின்றது. கடைகள் கூடக் கூட அந்த முக்கால் காசு மலைபோல் குவிந்தது. இவர் அதை லாபம் என்று நினைத்தார்.

மைத்துனன் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். "மாமா, இது நம்ம காசு இல்ல. திருப்பிக் கேட்டா குடுக்கணும்."

"யாரு கேக்கப் போறா? காலி பாட்டிலைக் குடுத்துட்டு நிறைஞ்ச பாட்டிலைத்தான் வாங்கிக்கிறாங்க. காசு அங்கேயும் போகல, இங்கேயும் போகல. அது பாட்டுக்குத் தூங்குது."

"தூங்குறது ஒருநாள் எந்திரிக்குமே மாமா."

"எந்திரிச்சா ஒரு கலர் குடுத்து மறுபடி படுக்க வை."

இப்படிப் பேசுகிறவரிடம் பத்தாவது படித்தவன் என்ன செய்வான்? தூங்குகிற காசை எழுப்பி வேலைக்கு அனுப்பினார் மஞ்சமூடிக்காரர். பின்கட்டுக்குச் சிமெண்ட் தரை வந்தது. ஒரே நேரத்தில் ஆறு பாட்டில் நிரப்பும் மெஷின் வந்தது. சைக்கிள் போய் மூன்று சக்கர மோட்டார் வண்டி வந்தது, அதற்கும் மஞ்சள் பெயிண்ட். விருந்தாளி வந்தால் கொடுக்க வீடுகளில் அரை டஜன், ஒரு டஜன் என்று வாங்கி வைக்கத் தொடங்கினார்கள், அங்கேயும் டெபாசிட். சில மூடிகளுக்குள் தக்கையை உரித்து ஒரு நட்சத்திரம் வரைந்து வைத்தார். நட்சத்திரம் கிடைத்தால் ஒரு கலர் இனாம். ஊரில் பாதிப் பேர் குடிக்கிறதற்கு முன்னால் மூடியைத்தான் நகத்தால் சுரண்டினார்கள்.

பாட்டில் தொலைந்து போகிறதே என்று ஒரே ஒரு கவலை. அதற்கும் ஒரு வழி செய்தார். ஒரு டின் மஞ்சள் பெயிண்டை வாங்கிக்கொண்டு, மைத்துனன் எழுதிக் கொடுத்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஊரில் கிடைத்த சுவரிலெல்லாம் தம் கையாலேயே எழுதினார்: 'பாட்டில் திரும்பி வந்தால் காசு திரும்பி வரும் – மஞ்சமூடி.' ஆள் உயரத்துக்கு ஒவ்வோர் எழுத்து. நாற்பத்திரண்டு சுவர். பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்காத கையெழுத்தை அந்தச் சுவர்கள் கற்றுக்கொடுத்தன. கடைசிச் சுவரில் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது என்று பெயிண்டர்களே ஒப்புக்கொண்டார்கள்.

பிறகுதான் பெரிய கம்பெனி வந்தது.

வரும்போதே ஆரவாரமாக வந்தது. கடைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் இனாம், பேர்ப் பலகை இனாம், கடைக்கு முன்னால் விரித்து வைக்கக் குடை இனாம். ஒரே நிபந்தனை, அந்த ஃப்ரிட்ஜுக்குள் வேறு யார் சரக்கும் இருக்கக் கூடாது. பாட்டில் பிளாஸ்டிக். குடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். டெபாசிட் கிடையாது, காலியை அடுக்கி வைக்க இடம் வேண்டாம், உடையுமே என்ற பயம் வேண்டாம்.

மஞ்சமூடிக்காரர் ஒன்றைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தார். அது நசுங்கி, படக்கென்று சத்தம் போட்டது.

"தூக்கிப் போடுறதுக்கு ஒரு பாட்டிலா? நாளைக்குக் கட்டிக் கழட்டிப் போடுற வேட்டி விப்பாங்க. நம்ம ஜனங்க இதுக்கெல்லாம் மயங்க மாட்டாங்க."

ஜனங்கள் ஒரு மாதத்தில் மயங்கினார்கள். கடைகளில் காலிப் பெட்டிக்கு இருந்த இடத்தை ஃப்ரிட்ஜ் பிடித்துக்கொண்டது. கடைக்காரர்கள் மஞ்சமூடிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக் கேட்டுக்கு வந்தார்கள். முதல் நாள் ஏழு பெட்டி. இவர் சந்தோஷமாகவே எண்ணிக் கொடுத்தார். பாட்டில் வீட்டுக்கு வருவது நல்லதுதானே என்று நினைத்தார். இரண்டாம் நாள் பத்தொன்பது பெட்டி. நான்காம் நாள் வீட்டுப் பெண்கள் கூடையில் ஆறு, பன்னிரண்டு என்று கொண்டு வந்தார்கள். கேட்டிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது.

"சுவத்துல எழுதியிருக்கே, அதான் வந்தோம்" என்றார் ஒரு வீட்டம்மா, வெள்ளை மனசோடு.

அன்று மதியம் பணப்பெட்டியின் அடித்தகடு தெரிந்தது. இன்னும் ஐயாயிரத்துச் சொச்சம் பாட்டில் ஊருக்குள் இருந்தது. மைத்துனன் நோட்டைத் திறந்து, மிச்சக் கணக்கின் மேல் விரலை வைத்துக் காட்டினான்.

"ஐயாயிரம்" என்றார் வீட்டுக்காரம்மா, மெதுவாக. "பதினோரு வருஷமா ஒருத்தன்கிட்டயும் கை நீட்டலைன்னு சொன்னீங்க. நீங்க ஊரு முழுக்க நீட்டியிருக்கீங்க."

மஞ்சமூடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு பாட்டில் மெஷின், சிமெண்ட் தரை, மஞ்சள் வண்டி எல்லாம் ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்த காசு. போனால் இவை மட்டும் போகாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்த நடை இருக்கிறதே, அதுவும் போகும். அவருக்கு வேறு சொத்து என்று இருந்தது அந்த நடை ஒன்றுதான்.

பார்வை எங்கேயோ போய் வீட்டுக்காரம்மாவின் கையில் நின்றது.

"என் வளையல் மேல கண்ணு வெச்சீங்கன்னா, காலி பாட்டிலோட உங்களையும் சேத்து எடைக்குப் போட்டுடுவேன்" என்றார் அந்த அம்மா.

மறுநாள் காலையில் அவர் வாழ்க்கையிலேயே செய்த ஒரே சின்னத்தனமான காரியத்தைச் செய்தார். மறைக்க வேண்டியதில்லை, இவ்வளவு பெருமை சொன்ன பிறகு இதையும் சொல்வதுதான் நியாயம். மைத்துனன்தான் யோசனை கொடுத்தான்: டெபாசிட் வாங்கியபோது கொடுத்த ரோஸ் சீட்டைக் கேட்டால் என்ன? சீட்டின் அடியில் 'இதைக் காட்டினால் மட்டுமே' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பதினொரு வருஷம் முந்திய சீட்டை எவன் வைத்திருப்பான்? இவர் கேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

வரிசையின் முதல் ஆள் முக்குத்தெரு அக்கா. கைவண்டியில் இரண்டு பெட்டியை வைத்துத் தாமே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"கம்பெனிக்காரன் ஃப்ரிட்ஜை எறக்கிட்டான் தம்பி. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், பக்கத்துக் கடைக்காரன் வாங்கிட்டான், அப்புறம் என் கடைக்கு எவன் வருவான்? கோவிச்சுக்காதீங்க. எண்ணிக்கோங்க."

இவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு, "சீட்டு இருக்காக்கா?" என்றார்.

"எந்தச் சீட்டு?"

"டெபாசிட் சீட்டு. ரோஸ் கலர்ல. அது இருந்தாத்தான்..."

வரிசையில் சலசலப்பு நின்றது. அக்கா ஏதாவது பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கக்கூடிய ஆள்தான். ஆனால் அவர் கொஞ்ச நேரம் இவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி தம்பி. வீட்டுல தேடிப் பாக்கிறேன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தம் தெரு திரும்பும் வரை கேட்டது.

மதியம் சோறு இறங்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்தார்.

"உப்பு கம்மியா?" என்றார் வீட்டுக்காரம்மா, தெரிந்துகொண்டே.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப தொண்டையில சீட்டு மாட்டிக்கிச்சுபோல."

எழுந்து போய் நாற்காலியை உள்ளே தூக்கிப் போட்டார். மைத்துனனைக் கூப்பிட்டு, "நாளையிலேருந்து சீட்டு கீட்டுன்னு எவனாவது வாயைத் திறந்தா அவன் காதுல இருக்கிற பேனாவை முறிச்சுடுவேன்" என்றார். பேனா வைத்திருந்தவன் வீட்டில் ஒருவன்தான்.

அந்த வாரமே பெரிய கம்பெனியின் ஆள் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். சின்ன வயசு, வாய் நிறைய மரியாதை.

"சார், உங்க நிலைமை எங்களுக்குத் தெரியும். கேட்டைப் பூட்டிட்டு ரெண்டு மாசம் எங்கேயாவது போயிட்டு வாங்க. ஜனங்க பாட்டிலைக் குப்பையில போட்டுடுவாங்க, பிரச்சினை முடிஞ்சது. திரும்பி வந்ததும் இந்த ஏரியா ஏஜென்சி உங்களுக்குத்தான். தொண்ணூறு கடையும் உங்களைத் தெரிஞ்ச கடை."

"தெரிஞ்ச கடைங்கிறதாலதான் தம்பி போக முடியாது" என்றார் மஞ்சமூடிக்காரர். "நான் ஓடினா என் பேரை எந்தச் சுவத்துல போய் அழிக்கிறது? நாப்பத்திரண்டு சுவரு. ஒவ்வொண்ணும் ஆள் உயரம். உங்க கம்பெனியில அப்படி ஒரு சுவரு எழுதத் தெரிஞ்ச ஒருத்தன் இருந்தா கூட்டிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்." டை கட்டியவருக்கு ஒரு மஞ்சமூடியைக் கொடுத்து, குடித்து முடித்ததும் காலியை மறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்.

வீராப்பு பேசியாயிற்று. காசு எங்கே?

வண்டி போயிற்று. ஆறு பாட்டில் மெஷின் பாதி விலைக்குப் போயிற்று. அதை வைத்துக் கடைக்காரர்களில் ஒரு பகுதிக்குத் தந்தார். மிச்சம் இருக்கிறவர்களிடம் நேரே போய், "மூணு வருஷம் தவணை குடுங்க, ஒரு பாட்டில் விடமாட்டேன்" என்றார். சிலர் திட்டினார்கள். சிலர் டீ வாங்கிக் கொடுத்துத் திட்டினார்கள். முந்நூறு வீடுகள் அப்படியே நின்றன. பின்கட்டில் திரும்பி வந்த பாட்டில்கள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. உடைசலாக எடைக்குப் போட்டால் ஒரு பாட்டிலுக்குக் கால் காசுகூடத் தேறாது.

வழி கண்டது வீட்டுக்காரம்மா. ஒரு நாள் ஒரு காலிப் பாட்டிலைக் கழுவி, அதில் கேஸும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் வெறும் பாகை ஊற்றி, தக்கை வைத்து அவர் முன்னால் நிறுத்தினார்.

"என்னது இது?"

"கலர்."

"கேஸ் எங்கே?"

"கேஸுதான் நீங்க விடுறீங்களே, அது போதாதா? இதுல ரெண்டு கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணியில கலக்கணும். ஒரு பாட்டிலுக்குப் பன்னெண்டு டம்ளர் வரும். வீட்டு ஆளுங்க காலி பாட்டில் கொண்டு வந்தா கேளுங்க: ஒரு காசு வேணுமா, இல்ல இதே பாட்டில் நிறையப் பாகு வேணுமா? பாகுன்னா பாட்டிலும் அவங்களுக்கே சொந்தம்."

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பொங்கி நுரைத்து, மூடி தெறித்து, மூக்கில் ஏறுகிற சரக்கை விற்ற மனிதர். "இது கலரா? அழுது வடியுது. ஊர் சிரிக்கும்."

"குடிச்சுட்டுச் சிரிக்கட்டும்."

கலந்து குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் யோசித்தார். பாகு காய்ச்ச ஒரு பாட்டிலுக்கு அரைக் காசுக்கும் குறைவு. கடையில் வைத்தால் இரண்டு காசுக்குப் போகும். ஒரு காசு கடன் அரைக் காசில் தீருகிறது, வாங்குகிறவருக்கோ இரண்டு காசு சரக்கு. மூன்றாம் வகுப்புதான் என்றாலும் இந்தக் கணக்குக்கு மைத்துனன் தேவைப்படவில்லை.

"இதை எப்ப கண்டுபிடிச்சே?"

"பதினோரு வருஷமா விருந்தாளி வந்தா இதைத்தான் கலக்கிக் குடுக்கிறேன். நீங்க எங்க பாத்தீங்க, சுவத்துல எழுதிக்கிட்டுத் திரிஞ்சீங்க."

மறுபடி ஒரு டின் பெயிண்ட் வாங்கினார். பழைய எழுத்தை அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதினார்: 'காசு வேண்டுமா, பன்னிரண்டு டம்ளர் வேண்டுமா? உங்கள் இஷ்டம்.' வரிசை மீண்டும் நின்றது, ஆனால் இந்த முறை முகங்கள் வேறு. நாலு வீட்டில் மூன்று வீடு பாகைத்தான் கேட்டது. எடுத்துக்கொண்டு போனவர்கள் தீர்ந்ததும் காசு கொடுத்து வாங்க வந்தார்கள். வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட சரக்குக்குக் கடையின் ஃப்ரிட்ஜில் இடம் கேட்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனியின் குடை தெருவில் விரிந்து கிடந்தது. மஞ்சமூடிக்காரர் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். அந்தக் கம்பெனிக்காரர்கள் எத்தனை பேர் எத்தனை வருஷம் படித்திருந்தாலும் இது அவர்கள் கணக்கில் வரவில்லை.

மூன்று வருஷம் ஆயிற்று. சொன்னபடி ஒவ்வொரு கடையாகத் தீர்த்தார். மைத்துனன் நோட்டில் ஒவ்வொரு பேரையும் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தான். கடைசியில் அடிக்காமல் ஒரே ஒரு வரி நின்றது. முக்குத்தெரு, நாற்பத்தெட்டு.

அக்கா வரவேயில்லை. இவர் மைத்துனனிடம் இரண்டு முறை காசு கொடுத்து அனுப்பினார். இரண்டு முறையும் அக்கா வாங்கவில்லை. "சீட்டைத் தேடிக்கிட்டிருக்கேன்னு உங்க மாமாகிட்ட சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தெரு வழியாகப் போவதையே மஞ்சமூடிக்காரர் விட்டிருந்தார். பாகு விற்கச் சுற்றுவழியில் போனார். ஊரில் எல்லாரிடமும் நெஞ்சை நிமிர்த்தி நடக்க முடிந்தது, அந்த ஒரு முக்கைத் தவிர.

"கோடு போட்டுடட்டுமா மாமா? வாங்க மாட்டேங்கிறாங்க, நாம என்ன பண்றது?" என்றான் மைத்துனன்.

"கையை முறிச்சுடுவேன்" என்றார். பிறகு வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பி, "நோட்டா இல்ல, சில்லறையாவே நாப்பத்தெட்டு எடுத்து வை" என்றார்.

"நீங்களே போறீங்களா?"

"பின்ன?"

"இஸ்திரிச் சட்டை வேணுமா?"

"வேண்டாம்" என்றார். பாகு வழிந்த பழைய சட்டையோடேயே போனார்.

நடுப்பகல். கடையில் கூட்டமில்லை. பெரிய கம்பெனியின் ஃப்ரிட்ஜ் வாசலை அடைத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. அக்கா கல்லாவுக்குப் பின்னால் பழைய பேப்பரில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க முதலாளி. என்ன வேணும், மஞ்சமூடியா? ஊரே குடிக்குதாம், எங்க கடையில இல்லையே."

"அக்கா, அன்னிக்கு நான் பண்ணது தப்பு."

"என்னிக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"தெரியாமத்தான் கேக்கிறேன். நீங்க பண்ணின தப்பு ஒண்ணா ரெண்டா, எதுன்னு சொன்னாத்தானே தெரியும்."

"வாசல்ல உக்காந்து சீட்டு கேட்டேனே, அது." இவர் பலகைக்கு அருகில் வந்தார். "ரெண்டு பெட்டியையும் வெயில்ல தள்ளிக்கிட்டு வந்தீங்க. உங்க மூஞ்சியைப் பாக்காம கேட்டேன்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த பொட்டலத்தை அப்படியே வைத்தார்.

"சீட்டு அன்னிக்கே என் டப்பாவுல இருந்தது தம்பி. காட்டியிருக்கலாம். நீங்க என்னைப் பாத்துக் கேட்டிருந்தா காட்டியிருப்பேன்." கல்லாவைத் திறந்து, மடிப்பெல்லாம் கிழிந்து, ரோஸ் நிறம் வெளுத்துப்போன தாள் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார். "மூணு வருஷமா இது இங்கதான் இருக்கு. நீங்கதான் இந்தப் பக்கம் வரல."

இவர் அதைத் தொடவில்லை. "சீட்டு வேண்டாம். கையை நீட்டுங்க."

"பாட்டில் வேண்டாமா? உள்ளே பெட்டியிலேயே இருக்கு. எண்ணிப் பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"எண்ணித்தான் ஆகணும். நாப்பத்தெட்டு இல்ல, நாப்பத்தேழுதான். அன்னிக்குத் திரும்பிப் போறப்ப பள்ளத்துல ஒண்ணு உடைஞ்சு போச்சு."

"அது என்னாலதானே உடைஞ்சது? நாப்பத்தெட்டு."

"வண்டியைத் தள்ளினது நான். நாப்பத்தேழு. இல்லாத பாட்டிலுக்கு நான் காசு வாங்கறதில்ல. உங்களை மாதிரியா நான்?"

அடி நேராக விழுந்தது. மூன்று வருஷம் காத்திருந்த அடி. மஞ்சமூடிக்காரர் தம்மை மீறிச் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார், வாயை மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு.

"சரி. நாப்பத்தேழு."

அக்கா பேப்பர் மை ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பலகைக்கு மேலே நீட்டினார். உள்ளங்கை விரிந்தது. மஞ்சமூடிக்காரர் பையிலிருந்து ஒவ்வொரு காசாக எடுத்து வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தெருவுக்கே கேட்கிற குரலில் எண்ணினார்.

"மெதுவா எண்ணுங்க தம்பி. என்னமோ ஏலம் விடுற மாதிரி. நாலு தெருவுக்குக் கேக்குது."

"கேக்கட்டுமேக்கா" என்றார். "அன்னிக்கு நான் சீட்டு கேட்டதும் நாலு தெருவுக்குக் கேட்டுச்சு."

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கை நிறைந்ததும் அக்கா காசை மடியில் கொட்டிக்கொண்டு மறுபடி கையை விரித்தார். பதினெட்டு. பத்தொன்பது. ஒவ்வொரு காசும் விழும்போது மஞ்சமூடிக்காரரின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டே வந்தது. முப்பது. மறுபடி மடி, மறுபடி கை. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. கடைசிக் காசை விரலிடுக்கில் ஒரு நொடி பிடித்தபடி அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு அதையும் அந்த உள்ளங்கையில் வைத்து, "நாப்பத்தேழு" என்றார்.